பின்சீட்டுக்கு மேல் தொங்கிய தொப்பை

எங்கள் அம்பாசிடர் காருக்குள் ஆறு வருடமாக ஒரு தொப்பை தொங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டுக்கு நேர் மேலே, கூரையோடு இழுத்துக் கட்டியிருக்க வேண்டிய துணி, எட்டு மாத வயிறு போலக் கீழே இறங்கி நின்றது. ஏறி உட்காருகிறவர்கள் தலையில் முதலில் இடிப்பது அதுதான். நான் கொஞ்சம் உயரம் வேறு. "சனியனே" என்று திட்டிக்கொண்டே கையை மடக்கி ஒரு குத்துக் குத்தி மேலே தள்ளுவேன். அடுத்த ஊர் கூனிமேட்டைத் தாண்டுவதற்குள் மறுபடியும் இறங்கிவந்து என் கொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

என் பெயர் ஆன்மேரி. மரக்காணத்தில் பிறந்து, மரக்காணத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் பெஞ்சமின் உப்பளத்தைப் பார்த்துக்கொள்கிறார், மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். என் குரல் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. இதை நானே முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்லித் திரிய வேலை இருக்காது பாருங்கள்.

அந்தத் தொப்பையை நான் இத்தனை நாள் சரிசெய்யாமல் விட்டதற்குக் காரணம் சோம்பல்தான். ஆனால் இந்த வருடம் என் மகள் சந்தியாவுக்குக் கல்யாணம் முடிவானது. வாடகைக்குப் பெரிய கார் பேசலாம் என்றால் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீ கல்யாணத்துக்கு எந்தக் கார்ல கோயிலுக்குப் போன?"

"தாத்தா அம்பாசிடர்லதான். அப்ப அது புதுசுடி."

"நானும் அதுலதான் போவேன்."

போகட்டும். ஆனால் தலையில் நெட் போட்டு, அதன்மேல் பூக்கிரீடம் வைத்து அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்தால், கோயில் வாசலில் பெண் இறங்குவாள், கிரீடம் தொப்பையில் மாட்டிக்கொண்டு காரிலேயே தங்கிவிடும். அதனால்தான் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலையில், வண்டியைக் கலியமூர்த்தி கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

சந்தியாவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. "மாமா வரணும்மா. மாமா இல்லாம எனக்கென்ன கல்யாணம்?" என்று ஒரு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாமா என்றால் சார்லஸ், என் ஒரே தம்பி. தாய்மாமன் இல்லாமல் பெண்ணைக் காரில் ஏற்றினால் ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியாதா? பத்திரிகை அடித்ததும் போன் பண்ணினேன். அவன் நிதானமாகத்தான் பேசினான்.

"வர்றேன்க்கா. ஆனா சில்வியாவ வுட்டுட்டு வரமாட்டேன். அவ வரணும்னா நீ அந்த வார்த்தைய எடுக்கணும்."

"எந்த வார்த்தைய?"

"உனக்கே தெரியும்."

"செத்தாலும் எடுக்கமாட்டேன்டா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். சந்தியா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் கல்யாணத்தன்று கட்டிய புடவையைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். கடைசியில் சவப்பெட்டிக்குள் வைக்கும்போது அதைத்தான் கட்டிவிட வேண்டும். என் அம்மா மரியசெல்வியும் வைத்திருந்தாள். சந்தன நிறப் பட்டு, அசல் சரிகை. அப்பா காஞ்சிபுரம் போய்த் தானே பார்த்து வாங்கியது. "எனக்கு அதக் கட்டி அனுப்புங்க, வேற ஒண்ணும் கேக்கல" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லுவாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தாள். கிட்னி போய், வாரத்துக்கு மூன்று நாள் பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸுக்கு அலைந்து, ஒரு விடிகாலையில் அடங்கிவிட்டாள். நான் பீரோவைத் திறந்தேன். புடவை இல்லை. மேல்தட்டு, கீழ்த்தட்டு, லாக்கர், டிரங்குப் பெட்டி எங்கேயும் இல்லை. அம்மாவோடு அந்த வீட்டில் இருந்தது சார்லஸும் அவன் பெண்டாட்டி சில்வியாவும்தான். பீரோச் சாவி சில்வியா இடுப்பில் இருந்தது.

"எங்கடி?" என்றேன்.

"தெரியல அண்ணி. அம்மா அத ஒரு வேட்டியில வெச்சி சுத்தி, நாலு பக்கமும் தெச்சி வெச்சிருந்தாங்க. தெச்சத நான் என் கண்ணால பாத்தேன். பீரோலதான் இருக்கணும்."

"கத கட்டாத. புடவைய எவளாவது மூட்ட மாதிரி தெப்பாளா? சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

அவள் உள்ளே போய்த் தன்னுடைய கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதைத்தான் அம்மாவுக்குக் கட்டினோம். வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்திலேயே நெஞ்சு நெகிழ்ந்திருக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூசை முடிந்து பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கும்போது, கோயில் வாசலில், அத்தனை சனத்துக்கு நடுவில், "திருடினவதான் ஈடு குடுப்பா" என்று கத்தினேன். என் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். அந்த வாரமே சார்லஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் இடையஞ்சாவடிக்குப் போனவன்தான். சில்வியா அதற்கப்புறம் எங்கள் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

கதை இவ்வளவுதான். நான் செய்தது சரி என்றுதான் ஆறு வருடமும் இருந்தேன்.

கலியமூர்த்தியின் கடை கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகைக்கு அடுத்தாற்போல இருக்கிறது. சீட்டு உறை தைப்பது, கூரைத் துணி மாற்றுவது, ஆட்டோவுக்கு ரெக்சின் போடுவது எல்லாம் அவன்தான். கை சுத்தம், வாய் நீளம். என்னைப் பார்த்ததும் கும்பிட்டான்.

"வாங்கக்கா. ஆறு வருசம் கழிச்சி வண்டிய கண்ணுல காட்டுறீங்க."

"நீ ஒழுங்கா தெச்சிருந்தா நான் ஏன் வர்றேன்? நீ தெச்ச லட்சணம், தல மேல தொங்குது."

"நான் தெச்சது தொங்காதுக்கா. இதுல என்னமோ வெயிட் இருக்குது." தொப்பையை உள்ளங்கையால் ஏந்திப் பார்த்தான். "பாருங்க, கனமா இருக்குது."

"துரு கொட்டியிருக்கும். உப்புக் காத்துல வண்டி பாதி கரஞ்சிடுச்சி. வேலைய பாரு."

பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை முதலில் உருவினான். பின்பக்கக் கண்ணாடியை அதன் ரப்பரோடு கழற்றி, சாக்கின் மேல் சாய்த்து வைத்தான். துணியின் ஓரம் அந்த ரப்பருக்கு அடியில்தான் செருகியிருக்குமாம், கண்ணாடியைக் கழற்றாமல் துணியைத் தொட முடியாதாம். துணி கூரையில் ஒட்டியிருக்கும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வில் போல வளைந்த கம்பிகள் குறுக்கே ஓடுகின்றன, துணியில் மடித்துத் தைத்த பைக்குள் அந்தக் கம்பிகள் போகின்றன, துணி அதில்தான் தொங்குகிறது. கம்பி மாறினால் துணி சுருங்கும் என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம்பர் போட்டுக்கொண்டே முன்பக்கத்திலிருந்து கழற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று.

"சந்தியா பாப்பா கலர் சொல்லிச்சா?"

"பதினோரு மணிக்கி வர்றேன்னுச்சு. வந்து பாக்கட்டும்."

நாலாவது கம்பியை அது மாட்டியிருந்த காதிலிருந்து விடுவித்தான். துணி கிழியவில்லை, அப்படியே சரிந்தது. தூசியும் துருவும் பொலபொலவென்று கொட்டி அவன் தலையெல்லாம் செங்கல் பொடி. அதோடு சேர்ந்து பின்சீட்டில் சில துணிகள் விழுந்தன. பழைய கைலி ஒன்று, பூப்போட்ட போர்வை ஒன்று. கடைசியாகத் தட்டையாக ஒரு பொட்டலம் தொப்பென்று விழுந்தது.

"இதான்க்கா உங்க தொப்ப" என்று கலியமூர்த்தி சிரித்தான். அதை எடுத்துத் தரையில் போட்டான்.

வேட்டித் துணி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். கம்பி அழுத்திய இடங்களில் எல்லாம் பழுப்பாகத் துருக்கோடு. தலையணை மாதிரி நாலு பக்கமும் தைத்திருந்தது. ஒரு மூலையில் நீல நூலால் சின்னதாக ஒரு சிலுவை.

அம்மா எதைத் தைத்தாலும் கடைசி மூலையில் அந்தச் சிலுவையைப் போட்டுத்தான் நூலை அறுப்பாள். என் பள்ளிக்கூடப் பையிலும் இருந்தது. சந்தியாவின் தொட்டில் மெத்தையிலும் இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண் பார்க்கிறது, மண்டைக்குள் ஏறவில்லை. குனிந்து எடுத்தேன். கலியமூர்த்தியின் கத்தரியை வாங்கித் தையலில் இரண்டு அங்குலம் பிரித்தேன். உள்ளே சந்தன நிறம். இன்னும் கொஞ்சம் பிரித்தேன். கறுத்துப்போன சரிகை.

"மாதாவே" என்றேன். வெளியே மே மாத வெயில் தகரத்தைக் காய்ச்சுகிறது, எனக்கு மட்டும் குளிர்கிறது. ரோட்டில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

பிறகு கோபம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

"அடப்பாவி! இது எப்படிடா இங்க வந்துச்சு? நீ எடுத்தியா? எங்க வீட்டுக்குள்ள எப்ப வந்த?"

கலியமூர்த்தி பயந்துபோய் இரண்டு அடி பின்னால் போனான். "என்னக்கா சொல்றீங்க? நீங்கதான குடுத்தீங்க!"

"நான் குடுத்தனா?"

"ஆமாக்கா. ஆயாவ டயாலிசிஸுக்கு இட்டும்போய்ட்டு இருந்தீங்க இல்ல, அப்போ. 'பின்சீட்ல படுத்துட்டு போறாங்க, தகரம் காயுது, தாங்கமாட்டேங்கறாங்க, எதனா பண்ணு'ன்னு நீங்கதான் வந்தீங்க. துணிக்கு மேல பழந்துணி ரெண்டு மூணு பரப்புனா சூடு எறங்காதுன்னு நான் சொன்னேன். 'வூட்ல கெடக்குது, எடுத்துக்கோ'ன்னு வாரிக்கினு வந்து போட்டீங்க. இது நல்லா மெத்த மாதிரி தெச்சே இருந்துச்சு. ஏன் பிரிக்கணும்னு அப்படியே ஆயா தலைக்கு நேரா வெச்சேன்."

நினைவு வந்தது. அது வந்த விதத்தை என்னவென்று சொல்ல. ஒரே சமயத்தில் முழுசாக வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில், சில்வியா அம்மாவோடு. நான் அம்மா வீட்டுக்குள் செருப்புக்காலோடு ஓடினேன். பீரோவின் மேலே எதை எதையோ அடுக்கி வைத்திருந்தார்கள். "வீடு முழுக்கக் குப்பையை அடைத்து வைத்திருக்கிறாள் இந்தச் சில்வியா" என்று முணுமுணுத்துக்கொண்டே எக்கி, கையில் அகப்பட்டதை எல்லாம் ஒரே வாரலாக வாரினேன். எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு எங்கே பொறுமை இருந்தது?

அந்தப் பீரோவின் அடித்தட்டை உப்புக் காற்று தின்றிருந்தது. அம்மாவின் வேறொரு புடவையில் அதன் துரு பட்டுவிட்டதென்று அவள் புலம்பியது கூட ஞாபகம் வந்தது. அதனால்தான் வேட்டியில் சுற்றித் தைத்திருக்கிறாள், அதனால்தான் பீரோவுக்கு உள்ளே வைக்காமல் மேலே வைத்திருக்கிறாள். துருவுக்குப் பயந்து வைத்த புடவையை நான் எடுத்துத் துருப்பிடித்த தகரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டேன்.

கடைசி ஒரு மாதம் அம்மா இந்தப் பின்சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் பாண்டிச்சேரிக்குப் போய் வந்தாள். தன் கல்யாணப் புடவைக்கு அடியிலேயே படுத்திருந்தாள். அவள் இறந்தபின் ஆறு வருடம் நான் அதைக் கையை மடக்கிக் குத்தியிருக்கிறேன். சனியனே என்று திட்டியிருக்கிறேன்.

சில்வியா அன்றைக்கே சொன்னாள். வேட்டியில் சுற்றி, நாலு பக்கமும் தைத்து. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கலியமூர்த்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். நான் குடிக்கவில்லை. கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். சந்தியா இன்னும் வரவில்லை. உப்புக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். பொட்டலத்தைக் கலியமூர்த்தியின் கையில் திணித்தேன்.

"இத எடுத்த எடத்துலயே வெச்சி தெச்சிடு. உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது."

அவன் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எங்கள் வீட்டுச் சண்டை தெரிந்திருக்க வேண்டும், மரக்காணத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அவன் தொழிலைத்தான் பேசினான்.

"வெச்சா மறுபடியும் தொங்கும்க்கா."

"இழுத்து தெய்யி."

"எவ்ளோ இழுத்து தெச்சாலும் தொங்கும். புதன்கெழம பாப்பா தல மேலதான் வந்து ஒக்காரும்."

அதற்குள் ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம். சந்தியா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள். "கலர் சாம்பிள் எங்கண்ணா?" என்று கேட்டவள், கலியமூர்த்தியின் கையில் இருந்ததைப் பார்த்தாள். மூலையில் இருந்த நீலச் சிலுவையைப் பார்த்தாள். பிரிந்த தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். என் மகளுக்கு என்னைவிட மூளை வேகம்.

"அம்மா, வேட்டியில சுத்தி தெச்சிருந்துச்சுன்னு அத்த அன்னிக்கி இததான சொன்னாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பிறந்ததிலிருந்து நான் அவளுக்கு முன்னால் தலையைக் குனிந்தது அதுதான் முதல் தடவை.

"யாரு வெச்சது மேல?"

"நான்தான்டி."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. பொட்டலத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, "வண்டியில ஏறும்மா" என்றாள்.

இடையஞ்சாவடி வரைக்கும் ஸ்கூட்டரில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வழி முழுக்கச் சில்வியாவிடம் என்ன சொல்வது என்று வரிவரியாக யோசித்துக்கொண்டு போனேன்.

சார்லஸ் டூரிஸ்ட் வேன் ஓட்டப் போயிருந்தான். சில்வியா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாக இளைத்திருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. சந்தியாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் நான் இறங்குவதைப் பார்த்ததும் மலர்ந்தது அப்படியே நின்றுபோனது.

யோசித்து வைத்திருந்த ஒரு வரியும் எனக்கு வரவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தையலைத் தடவினாள். சிலுவையைத் தடவினாள்.

"எங்க இருந்துச்சு?"

"கார்ல. மேல் துணிக்குள்ள. சூட்டுக்குப் பழந்துணி கேட்டான், பீரோ மேல இருந்தத நான்தான் வாரிக் குடுத்தேன். பாக்காம குடுத்துட்டேன் சில்வியா."

சில்வியா சிரிக்க ஆரம்பித்தாள். நான் அரண்டுபோனேன். சத்தம் போட்டு, மூச்சு முட்ட, துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. சந்தியா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். எனக்குக் கிட்டே போகத் தைரியம் இல்லை.

கடைசியில் சில்வியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம்புள்ளைக்கி அப்ப எட்டு வயசு அண்ணி. பள்ளிக்கூடத்துல 'உங்கம்மா பொணத்துப் புடவைய திருடினவ'ன்னு சொல்லியிருக்காங்க. வந்து எங்கிட்ட கேட்டான். என்ன சொல்றது நான்?"

"இத நீயே வெச்சிக்கோ சில்வியா. உன் புடவதான அம்மாவோட போச்சு. இத உனக்கு..."

"எனக்கு இது வேணாம்." பொட்டலத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க இல்ல, அத எடுத்துக்குங்க. அது போதும்."

"எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடதுதான். கால்ல வுழச் சொன்னாலும்..."

"இங்க இல்ல அண்ணி. இங்க யாரு இருக்கா கேக்க? சொன்ன எடத்துல எடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். துணி காயப்போடத் திரும்பிவிட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? நான் அவளை வீட்டுக்குள் வைத்தா திருடி என்றேன்?

வெள்ளியும் சனியும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். கலியமூர்த்தி வண்டியைக் கொண்டுவந்து விட்டான். பால் வெள்ளைத் துணி, ஒரு சுருக்கம் இல்லை. இழுத்துக் கட்டியதில் கூரைத் துணி விறைப்பாக நின்றது. பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், தலைக்கும் துணிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பழக்கத்தில் கை மேலே போனது. குத்த எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை படிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று பூசையின் முடிவில் ஃபாதர் வாசிப்பார். யாரும் எதுவும் தெரிவிக்கமாட்டார்கள். என் அறிவுக்கு எங்கள் கோயிலில் இதுவரை ஒருத்தர் எழுந்து நின்றதில்லை.

அது மூன்றாவது ஓலை. நான் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தேன். மடியில் பொட்டலம். கோயில் நிறைந்திருந்தது, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களே பாதிப் பேர். திரும்பிப் பார்க்கவில்லை. சில்வியா வந்திருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சந்தியா சனிக்கிழமை போன் பண்ணிச் சொல்லியிருந்தாள், ஆனால் வருவதாக அவள் சொல்லவில்லை.

ஃபாதர் சந்தியாவின் பெயரை வாசித்தார். பெஞ்சமின் மகள், மூன்றாம் முறை அறிக்கை. தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்.

நான் எழுந்து நின்றேன்.

"ஃபாதர், தடை ஒண்ணு இருக்குது."

ஃபாதர் கையில் இருந்த தாள் அப்படியே நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து பெஞ்சமின், "ஏய், ஒக்காருடி" என்று பல்லைக் கடித்தார். பக்கத்தில் இருந்த சந்தியா என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் வரல. வரவுடாம பண்ணது நான். எங்கம்மா புடவய சில்வியா திருடிட்டான்னு இதே கோயில் வாசல்ல சொன்னேன். புடவ இதோ இருக்குது." பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினேன். "எடுத்தது..."

ஊரையே கூப்பிடும் என் குரல், வேண்டிய நேரத்தில் காற்றாகப் போனது. "எடுத்தது நான்தான்" என்று சொன்னேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்போது கடைசியில், கதவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஆறு வருடமாக அந்தக் கோயிலில் கேட்காத குரல்.

"சத்தமா சொல்லுங்க அண்ணி. பின்னாடி கேக்கல."

திரும்பினேன். சில்வியா வாசல் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் என் தம்பி. அவன் கையில் தாம்பாளம், அதில் சந்தியாவுக்குத் தாய்மாமன் சீர்ப் புடவை. நான் சொல்லாமல் விட்டால் அப்படியே திரும்பிப் போகிற மாதிரி, காலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார்கள்.

மூச்சை இழுத்துவிட்டு, மறுபடியும் சொன்னேன். இந்த முறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.